கல்நக்கி வாத்தியார் கொடுத்த சான்றிதழ்

எங்கள் ஊர்க் கற்கள் உச்சிவெயிலில் நனையத் தொடங்கிய அந்தப் பங்குனி மாதத்தில், கல்லைப் பற்றிப் படித்த ஆள் என்று ஊரில் என் ஒருவனைத் தவிர வேறு நாதியில்லை, அது ஊரின் கெட்ட காலம்தான், ஏனென்றால் ஊருக்கு நடுவே இருக்கும் இருபத்துமூன்று கற்களின் பூர்வீகத்தை நான் ஏற்கெனவே அச்சடித்துப் புத்தகமாகப் போட்டிருந்தேன், அதில் பத்தொன்பது தப்பு. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நகராட்சிக்குக் கோபம் வரும், நகராட்சிக்குக் கோபம் வந்தால் என் தெருவுக்குத் தண்ணீர் வராது. அரியலூர் போகும் ரோட்டில் ஒரு மணிக்கூண்டு தெரியும், அதன் நாலு கடிகாரமும் நாலு நேரம் காட்டும், அங்கே இறங்கினால் எங்கள் ஊர்.

என் பெயர் ஞானப்பிரகாசம். பெயர் வைத்த அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் ஆசைப்பட்டார், அவ்வளவுதான். கல்லூரியில் முப்பத்தொரு வருடம் நிலவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகும் வாய் ஓய்வு பெறாததால், ஞாயிற்றுக்கிழமைதோறும் 'கல் பார்க்கும் நடை' என்று ஒன்று நடத்தினேன். மணிக்கூண்டில் தொடங்கி, கருவூலப் படி, தபால் ஆபீஸ் பெஞ்சு, மாதா கோயில் வாசல் என்று ஒவ்வொரு கல்லாக நின்று, "மலையைத் தேடி நாம் போக வேண்டாம், மலை நம்மைத் தேடி வந்து படியாகப் படுத்திருக்கிறது" என்று சொல்வேன். வருகிற ஏழெட்டுப் பேரில் பாதிப் பேர் சர்க்கரை வியாதிக்காக நடக்கிறவர்கள், அவர்கள் கல்லைப் பார்க்க நின்றால் நடைக் கணக்குக் குறைகிறது என்று முணுமுணுப்பார்கள்.

கல் படித்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உலர்ந்த கல் முகம் காட்டாது. நனைத்தால்தான் அதன் மணிகளும் வரிகளும் நிறமும் மேலே வரும். மலையில் அலையும்போது தண்ணீர் பாட்டிலைத் திறக்கச் சோம்பல்பட்டு நாங்கள் நாக்கை நீட்டிவிடுவோம், பிறகு அதுவே வழக்கமாகிவிடும், பிறகு கருவூலப் படியில் நாலு பேர் நடுவே குனிந்து நக்குவதும் தப்பாகத் தெரியாது. ஊர் எனக்குக் கல்நக்கி வாத்தியார் என்று பெயர் வைத்தது அப்படித்தான். என் மனைவி முப்பது வருடம் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, மாமியார் வீட்டு அம்மியை மட்டும் நக்க வேண்டாம் என்று.

அப்படி ஊரில் எல்லாவற்றையும் நக்கிய நான், நக்காமல் விட்டது எட்டே எட்டுத் தூண். பழைய மார்க்கெட்டின் தூண்கள்.

அந்த மார்க்கெட்டை இடித்துவிட்டு மூன்று மாடி வளாகம் கட்ட நகராட்சி ஆசைப்பட்டது. கல் கட்டடமாக இருந்தால் மேலிடத்தைக் கேட்காமல் தொடக்கூடாது என்று ஒரு விதி குறுக்கே நின்றது. தூண் கல்லா, சிமெண்ட்டா என்று பார்த்து எழுதிக் கொடுங்கள் என்று, என்னிடம் படித்துப் பெயிலாகி, பிறகு வேறு படிப்புப் படித்து நகராட்சிப் பொறியாளரான நடேசமூர்த்தி, என்னைக் காரில் அழைத்துப்போனார். கார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு போய் இறங்கினேன்.

தூண்களைப் பார்த்தேன். எங்கள் ஊரில் வெற்றிலை போடாதவர் குறைவு. வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் மிஞ்சும் சுண்ணாம்பை அருகில் இருக்கிற தூணில் தடவுவார்கள், வாயில் மிஞ்சுவதை அதே தூணின் அடியில் துப்புவார்கள். தாத்தன் தடவி, அப்பன் தடவி, பேரன் தடவி, அந்த எட்டுத் தூண்களும் விரற்கடை கனத்துக்குச் சுண்ணாம்புச் சட்டை போட்டு, கீழே சிவப்புக் கரை கட்டி நின்றன. நாக்கை நீட்டப் போனேன். சிவப்பைப் பார்த்தேன். நாக்கு உள்ளே போய்விட்டது. சுண்ணாம்பு பெயர்ந்த ஓர் ஓட்டையில் வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் தெரிந்தன. 'இவை இயற்கைக் கல் அல்ல, வெள்ளைச் சில்லு கலந்த சிமெண்ட் வார்ப்பு, வயது அறுபதுக்கு மேல் இராது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் தண்ணீராவது கேட்டு வாங்கித் தெளித்துப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை. கார் காத்திருந்தது.

மூன்றாம் தூணுக்கும் நாலாம் தூணுக்கும் நடுவே முப்பத்தெட்டு வருடமாக அப்பளமும் வடகமும் வற்றலும் விற்கும் பாத்துமுத்து அம்மா மட்டும், "என்ன சார் எழுதுனீங்க?" என்று கேட்டார். சிமெண்ட் என்றேன். "அப்ப இடிச்சிருவாங்களா?" என்றார். அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. புதிய இடம் பைபாஸ் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் என்று நகராட்சி சொல்லியிருந்தது. "நான் எப்படி சார் ஏறுவேன்? தூக்கிட்டுப் போய் உக்கார வச்சாலும், ரெண்டு அப்பளக் கட்டு வாங்க மாடியேறி எவ வருவா?" என்றார். மார்க்கெட் போனால் அவர் வாழ்க்கையே போயிற்று. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், அறிவியல் இரக்கம் பார்க்காது என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

பிறகுதான் பங்குனி வந்தது. பன்னிரண்டாம் தேதி நடுப்பகலில் மணிக்கூண்டின் அடிக்கல் நனைந்தது. மணிக்கூண்டுக்கு மேலே ஒரு பொட்டு மேகம் இல்லை. பக்கத்தில் டீக்கடை போட்டிருக்கும் கலியமூர்த்தி யாரோ கிளாஸ் கழுவிய தண்ணீர் என்று துடைத்தான், துடைக்கத் துடைக்க வந்தது, துணியைப் பிழிந்து பிழிந்து கை ஓய்ந்து, "நனைஞ்சுட்டுப் போ" என்று விட்டுவிட்டான். மறுநாள் கருவூலப் படி நனைந்தது. அடுத்த நாள் மாதா கோயில் வாசல். கருவூலத்தில் வேலை பார்க்கும் கொல்லிமலைக்காரர் ஒருவர் நனைந்த படியில் கைவைத்து மோந்து பார்த்து, வீட்டுக்குப் போன் போட்டார். அங்கே அந்த நிமிடம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரே வாரத்தில் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்ததோ, அந்த மலையில் மழை பெய்தால் இங்கே அந்தக் கல் நனையும், அங்கே மழை விட்டால் இங்கே காயும்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். ஆறு பக்கம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன், பதில் இன்னும் வரவில்லை. ஊருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, ஊருக்கு வேறு வேலை இருந்தது. பிழைப்புக்காக மலைப்பக்கத்திலிருந்து வந்து தங்கியவர்கள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் அவரவர் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள், தபால் ஆபீஸ் பெஞ்சு நனைந்தால் பச்சைமலைக்காரர்கள் உட்கார மாட்டார்கள், சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள், போனில் "அம்மா, வெளியில காயப்போட்டத எடு" என்று மகன்கள் இங்கிருந்து கத்துவார்கள், அங்கே அம்மாக்கள் "இப்பத்தான்டா தூறல் போடுது, ஒனக்கு எப்படிடா தெரியும்" என்று கேட்டு, நாளடைவில் கேட்பதையும் விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்து வாசற்படி நனைந்த அன்று பிள்ளைகள் மழை விடுமுறை கேட்டு உட்கார்ந்துவிட, 'கல் நனைவது மழையாகக் கருதப்படாது' என்று சுற்றறிக்கை வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் வாசற்படியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். கலியமூர்த்தி கடையில் ஒரு கரும்பலகை வைத்து, எந்தக் கல் ஈரம், எந்தக் கல் காய்ச்சல் என்று எழுதிப்போட, அவனுக்கு வியாபாரம் இரட்டிப்பானது.

எனக்குத்தான் அடி. மணிக்கூண்டின் அடிக்கல்லை 'வடநாட்டு இளஞ்சிவப்புக் கல், ரயிலில் தருவிக்கப்பட்டது' என்று என் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தேன். அது நனைந்ததெல்லாம் ஊர்க் கோடியில் பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் தொட்டிப்பாறையில் மழை பெய்தபோதுதான். தொட்டிப்பாறை, காலையில் ஆண்கள் ஒதுங்கப் போகிற இடம். வடநாட்டுக் கல் என்று ஊரே பெருமையோடு கைவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டது, மூக்கைப் பொத்திக்கொண்டு நாங்கள் தாண்டிப் போகிற பாறையின் பிள்ளை. ஒரு நகைக்கடையின் தரையை இத்தாலி சலவைக்கல் என்று நான் சொல்லி, அவர்களும் போர்டு வைத்திருந்தார்கள். ராஜஸ்தானில் வெள்ளம் என்று டிவியில் காட்டிய அன்று கடைக்குள் கணுக்கால் ஈரம். எந்தக் கல் நனைந்தாலும் கலியமூர்த்தி என் புத்தகத்தைப் புரட்டி, "சாரு என்ன போட்டிருக்காரு?" என்று படித்துக் காட்டுவான், கடை முழுதும் சிரிக்கும், நானும் அங்கேயே நின்று டீ குடித்தபடி சிரிப்பேன், வேறென்ன செய்வது.

அத்தனை அவமானத்திலும் எனக்கு ஒரே ஓர் ஆறுதல், மார்க்கெட் தூண்கள். எந்தத் திசையில் மழை பெய்தாலும் அவை நனையவில்லை. அரியலூர் பக்கம் மழை கொட்டித் தீர்த்த நாளிலும், கலியமூர்த்தி ஓடிப்போய்த் தடவிப் பார்த்துவிட்டு, "காய்ச்சல்தான்" என்று எழுதினான். கல் என்றால் நனையும், நனையவில்லை என்றால் கல் இல்லை, வாத்தியார் இது ஒன்றிலாவது சரியாகச் சொன்னார் என்று ஊர் ஒப்புக்கொண்டது. நான் கழுத்தை நிமிர்த்தி நடந்தேன். நடேசமூர்த்தி பஞ்சாங்கம் பார்த்து, நிறைந்த நாளாக இருக்கட்டும் என்று வைகாசிப் பௌர்ணமியன்று காலை ஒன்பது மணிக்கு மார்க்கெட்டை இடிக்க நாள் குறித்தார்.

பௌர்ணமிக்குப் பதினேழு நாள் இருக்கும்போது வடகம் வாங்கப் போனேன். பாத்துமுத்து அம்மா கூடைகளை எல்லாம் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார். வடகம் நமுத்துப் போயிருந்தது.

"தண்ணி சார். தூணு அடியில வருது. பங்குனியிலேருந்து தினம் ரெண்டு தடவ. எந்நேரமும் கழுவி விடுற எடம்ல, ஒருத்தருக்கும் தெரியல. நான் கீழ உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியுது."

"காவாய் அடைச்சிருக்கும்மா. காவாய்த் தண்ணி," என்றேன், குனியாமலே.

"நீங்க அன்னிக்கும் அப்படித்தான் சொன்னீங்க." உண்மைதான், சித்திரையிலேயே ஒரு தடவை கேட்டிருந்தார், அப்போதும் குனியாமலே இதைச் சொல்லியிருந்தேன். "காவாயின்னா நெனச்ச நேரத்துக்கு வரணும், நெனச்ச நேரத்துக்குப் போவணும். இது தவறாம வருது சார். நேத்து பெரம்பலூர் பஸ்ஸு கெளம்பறப்ப வந்துச்சுன்னா, இன்னிக்கி அதுக்கு அடுத்த பஸ்ஸுக்கு வரும். தெனமும் முக்கா மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல தள்ளிப் போவுது. பிறை பதினாலு, பதினஞ்சுல முழங்கால் ஒசரம் ஏறும். பிறை எட்டுல கணுக்காலுக்குக்கூட வராது. நான் பிறையப் பாத்துத்தான் கூடையத் தூக்கி வைக்கிறேன்."

கையிலிருந்த வடகப் பொட்டலம் கீழே விழுந்தது. தினம் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகிற, நிலாவைப் பார்த்து ஏறி இறங்குகிற தண்ணீர் உலகத்தில் ஒன்றுதான். அது எந்த ஊர்க் காவாயிலும் ஓடாது.

மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்தேன். அவர் சொன்ன பஸ்ஸுக்கு, சொன்ன நேரத்துக்கு, எட்டுத் தூண்களின் அடியிலும் ஒரே மட்டத்தில் ஈரம் ஏறியது, ஏறி நின்றது, இறங்கியது. அரியலூர்ப் பக்கம் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் கடல் இருந்தது, அந்தக் கடலின் சிப்பியும் சங்கும் படிந்து இறுகிய கல் அங்கே கிடைக்கிறது என்று முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். மற்ற கற்களுக்குத் தாய்வீடு மலை, அதனால் மழைக்கு நனைந்தன. இந்தக் கல்லுக்குத் தாய்வீடு கடல். கடலுக்குள் கிடப்பதற்கு மழை ஒரு பொருட்டா? நான் சிமெண்டுச் சில்லு என்று எழுதியதெல்லாம் சிப்பி.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. பத்தொன்பது தப்புக்குச் சிரித்தவனுக்கு இருபதாவதுக்குச் சிரிக்க வரவில்லை, ஏனென்றால் மற்றவை புத்தகத்தில் இருந்தன, இது என் கையெழுத்தின் கீழ் இருந்தது, அதோடு ஊர் ஒப்புக்கொண்ட என் ஒரே சரி இதுதான். நாளைக்குச் சொல்லலாம் என்று பதினான்கு நாள் தள்ளினேன். அந்தப் பதினான்கு நாளும் மார்க்கெட் பக்கம் போகாமல் சுற்றுவழியாகப் போய் வந்தேன். மனைவி, "கல்லை நக்குறதுக்குக் கூச்சப்படாத ஆளு, உண்மையச் சொல்றதுக்கா கூச்சப்படுறீங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பௌர்ணமியன்று ஒன்பது மணிக்கு இயந்திரம் வந்து நின்றது. நடேசமூர்த்தி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில் வைத்தார். பாத்துமுத்து அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியாதது முழங்காலாலா, பிடிவாதத்தாலா என்று தெரியவில்லை, அப்பளக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் தூணில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்தார்.

"நிறுத்துங்க. இது கல்," என்றேன்.

"சார், நீங்கதானே சிமெண்ட்டுன்னு எழுதுனீங்க?"

"தப்பா எழுதிட்டேன்."

கூட்டம் சிரிக்கத் தயாரானது. நான் மூன்றாம் தூணின் முன்னால் மண்டியிட்டேன். வெற்றிலைக் கறை, சுண்ணாம்பு, மூன்று தலைமுறைத் துப்பல் எல்லாம் கண்முன்னே. ஈரம் அப்போதுதான் அடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நக்கினேன்.

"உப்பு," என்றேன்.

நடேசமூர்த்தி தலையைச் சொறிந்தார். "சார், இது மார்க்கெட்டுத் தூணு. ராத்திரியில ஆம்பளைங்க ஒதுங்குற எடம். உப்புக் கரிக்காம இனிக்கவா செய்யும்?"

ஊர் சிரித்த சிரிப்பில் இயந்திரத்தின் சத்தம் கேட்கவில்லை. அதில் கலியமூர்த்தியின் சிரிப்பைத் தனியாக என்னால் பிரித்துச் சொல்ல முடிந்தது. ஆனால் தண்ணீர் ஏறுவதை நிறுத்தவில்லை. சாண் உயரம் வந்தது, முழம் வந்தது, உட்கார்ந்திருந்த பாத்துமுத்து அம்மாவின் தோள்வரை, எட்டுத் தூணிலும் நூல் பிடித்த மாதிரி ஒரே உயரத்தில். இரண்டு மாதத்துக்கு மேல் ஊறி ஊறி இளகியிருந்த சுண்ணாம்பு வில்லை வில்லையாக விழுந்தது. தோள் துண்டால் துடைத்தேன். பழுப்பு நிறக் கல் முழுதும் சிப்பியும் சங்கும், நறுக்கிய மாதிரி சுருள் சுருளாக, ஒன்றன் மேல் ஒன்று. அவ்வளவு அழகான கல்லை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அழுதேன் என்று சொன்னால் கடல் தண்ணீர் தெறித்தது என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

சிரிப்பு நின்றுவிட்டது. நடேசமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விரலை ஈரத்தில் வைத்து நாக்கில் தொட்டார். "நாகூர் கடல்ல குளிச்சப்ப வாயில போச்சு சார்," என்றார் மெதுவாக. "அதே தண்ணி." பிறகு இயந்திரக்காரரைப் பார்த்து வண்டியை எடுக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள், கல்நக்கி என்று எனக்குப் பெயர் வைத்த ஊர் வரிசையில் நின்று நக்கியது, கலியமூர்த்தி இரண்டு தடவை வந்தான்.

பன்னிரண்டு மணிக்குள் புதுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்பிவிடுகிறேன், கல் என்று ஆனபிறகு அவர்களைக் கேட்காமல் யாரும் தொட முடியாது என்றார் நடேசமூர்த்தி. அப்பளக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். எழுதிக்கொண்டே பாத்துமுத்து அம்மாவிடம் சொன்னேன்.

"நீங்க ஒரு தடவையாவது இதை வாயில வச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்மா."

"பங்குனியிலேயே பாத்துட்டேனே. அப்பள மாவுக்கு உப்புப் பாக்குற நாக்கு சார் இது, விடுமா?"

"அப்ப ஏன் உப்புன்னு சொல்லல?"

பாத்துமுத்து அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "சொல்லலாம்னுதான் சித்திரையில ஒங்கள நிறுத்திக் கேட்டேன். நீங்க காவாத் தண்ணின்னுட்டீங்க. இவ்வளவு படிச்சவரு காவாத் தண்ணின்னு சொன்னதுக்கப்புறம், அத நக்கிப் பாத்தேன்னு நாலு பேரு கிட்ட நான் எப்படி சார் சொல்றது?"

எனக்குப் பேனா ஓடவில்லை. ஊரில் எத்தனை பேர் எதையெதைத் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு, நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன் என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்களோ. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் பத்தொன்பது தப்புக்கும் வராதது.

சான்றிதழின் அடியில் 'ஆய்வு செய்தவர்' என்று ஒரு கோடு இருக்கும். ஞா என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, பாத்துமுத்து, அப்பளக் கடை, மூன்றாம் தூண் என்று எழுதி அவரிடம் நீட்டினேன். கண்ணுக்கு அருகே வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, சின்னதாக, 'சரிபார்த்தவர்' என்று போட்டு என் பெயரை எழுதிக்கொண்டேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

ஈரம் இறங்கத் தொடங்கியிருந்தது. கூடைகளைக் கீழே இறக்கட்டுமா என்று கேட்டேன்.

"செங்கல் மேலயே இருக்கட்டும் சார்," என்றார். "ராத்திரியும் வரும். நாளைக்கி அடுத்த பஸ்ஸுக்கு."